இரண்டு முறை கெட்ட இலை

எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், யாருக்காவது கண் மஞ்சளாகத் தெரிந்தால், தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகுமுன் எங்கள் அம்மாவிடம்தான் வருவார்கள். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு ஓடைக்கரைக்குப் போய், போவிட்டியா இலை பறித்து வந்து அவித்துக் கொடுப்பார். கத்தரிப்பூ நிறத்தில் பூக்கும் காட்டுச் செடி அது. பெயர் சிங்களத்துப் பெயர்; எங்கள் ஆட்களும் அதையே வைத்துக்கொண்டார்கள். காமாலைக்கு என்று ஆரம்பித்த மருந்து, நாளடைவில் வயிற்றுவலி, தலைச்சுற்றல், பரீட்சைப் பயம் எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. குடித்தால் நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். பாதிப் பேர் அந்தத் தண்ணிக்குப் பயந்துதான் எழுந்து வேலைக்குப் போகிறார்கள் என்பது அப்பாவின் கருத்து. அவர் வருடத்துக்கு நாலைந்து கருத்துகளே சொல்வார் என்பதால் எனக்கு இது நினைவிருக்கிறது.

அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை அக்கரப்பத்தனைப் பக்கத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வாடிய கொழுந்தை ரோலரில் போட்டு நசுக்குவது, நசுங்கியதைப் பரப்பிச் சிவக்க விடுவது, பதம் வந்ததும் டிரையருக்கு அனுப்புவது, இவ்வளவும் அவர் பொறுப்பு. பதத்தை மூக்கால் பார்ப்பார். ரோலர் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்று பேசாமலே பழகி, அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

நான் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தேன். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. சிறப்புப் பட்டம் வேண்டுமானால் இறுதியாண்டில் ஓர் ஆய்வு செய்து, மேற்பார்வை பார்க்கும் விரிவுரையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் சாதாரணப் பட்டத்தோடு ஊருக்குத் திரும்பலாம். எங்கள் தோட்டத்தில் அதுவரை யாரும் எந்தப் பட்டமும் வாங்கியதில்லை. ஆகவே சிறப்புக்கும் சாதாரணத்துக்கும் வித்தியாசம் அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அது போதும் ஒரு மனுஷியைத் தூங்கவிடாமல் செய்ய.

எனக்கு வாய்த்த விரிவுரையாளர் யாழ்ப்பாணத்து அம்மையார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. ஆய்வுகூடத்தில் விலை கூடிய பொருள் எல்லாம் அந்தச் சாவிகளுக்குள்தான் இருந்தது. அவர் சிரித்துப் பார்த்ததாக எனக்கு முந்திய மாணவர்கள் யாரும் சொன்னதில்லை.

"உங்கட பக்கத்துச் சனம் மருந்தெண்டு பாவிக்கிற இலை ஏதும் இருக்குதே, பிள்ளை?" என்று முதல் நாள் கேட்டார்.

"போவிட்டியான்னு ஒன்னு இருக்குங்க மேடம். எங்கம்மா எல்லாத்துக்கும் அதத்தான் குடுப்பாங்க."

"எல்லாத்துக்கும் குடுக்கிற மருந்து ஒண்டுக்கும் சரிவராது," என்றார். "எதுக்கும் பாப்பம்."

வாழைக்காயை வெட்டி வைத்தால் காற்றுப் பட்டுக் கறுக்கிறதல்லவா, அதுதான் ஒட்சியேற்றம். உடம்புக்குள்ளும் அந்த மாதிரி வேலைகள் நடக்கின்றன. அதைத் தடுக்கும் சக்தி ஓர் இலையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. செய்முறை ஒன்றும் பெரிய வித்தையில்லை. காய்ந்த இலைப் பொடியை மெதனோலில் ஊறப்போட்டு, வடித்து, சாற்றை எடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கறுப்புப் பொடி உண்டு. கரைத்தால் நல்ல ஊதா நிறம் வரும், போவிட்டியாப் பூ மாதிரியே. அதில் இலைச் சாற்றை விட்டு, இருட்டு அலமாரியில் அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும். இலையில் சக்தி இருந்தால் ஊதா போய் மஞ்சள் வரும். இல்லையென்றால் ஊதா ஊதாவாகவே நிற்கும். எவ்வளவு ஊதா மிச்சம் என்பதைக் கருவி இலக்கத்தில் சொல்லும்.

இதை நான் அம்மாவுக்கு விளக்கியிருக்கிறேன்.

"காமாலைக்குக் குடுக்குற எல, போத்தல மஞ்சளாக்குதா?" என்றார் அம்மா.

"அது வேறம்மா. மஞ்சள் வந்தா நல்லது."

"மஞ்சள் வந்தா நல்லதுன்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

நான் அதோடு விளக்கத்தை நிறுத்திக்கொண்டேன்.

முதல் தடவை இலையைத் தை மாத விடுமுறையில் நானே காயவைத்தேன். வீட்டுக்குள் பழைய பத்திரிகைத் தாள்களைப் பரப்பி, நிழலில், சருகாகும் வரை. ஆய்வுகூடத்தில் அது காட்டிய காட்சியை என்னவென்று சொல்ல! அலமாரியைத் திறந்தால் ஊதா இருந்த இடமே தெரியவில்லை. எல்லாக் குழாயும் மஞ்சள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த விற்றமின் சி-க்குப் பக்கத்தில் எங்கள் ஓடைக்கரைச் செடி அச்சமில்லாமல் நின்றது. எனக்குக் கால் தரையில் படவில்லை. அம்மையார் தாளைப் பார்த்துவிட்டு, "ஒருக்கா வந்தது வந்ததில்லை. புதுசாப் பறிச்சு, திரும்பச் செய்யும்," என்றார்.

திரும்பச் செய்ய வேண்டிய நேரம் ஆனி மாதம். எங்கள் பக்கத்தில் ஆனியில் காய்வது மனுஷன் தொண்டை மட்டும்தான். துணி காயாது, விறகு காயாது, சுவர் கூட ஈரத்தில் கசியும். அம்மா அதே செடியில் இலை பறித்துத் தந்தார். அதை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தபோது அப்பா வேலைக்குக் கிளம்பினார்.

"அப்பா, ஸ்டோர்ல டிரையர் பக்கத்துல வச்சு இத காயவச்சுத் தர்றீங்களா? பொடியாக்கிட்டா கொண்டு போறது லேசு."

அப்பா இலையைக் கையில் எடுத்து, விரலால் மடக்கிப் பார்த்தார். "எப்ப வேணும்?"

"அடுத்த கிழம."

"சரி."

இவ்வளவுதான் பேச்சு. அடுத்த கிழமை தேயிலைப் பெட்டிக்குள் போடும் வெள்ளித்தாளில் கட்டிய பொட்டலம் ஒன்றைத் தந்தார். பொடி கருஞ்சிவப்பாக இருந்தது. டிரையர் சூட்டுக்கு அப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன். மணமாகவும் இருந்தது. "சலிச்சு, காம்பு தூசி இல்லாம எடுத்திருக்கேன். அந்தம்மா கையில குடுக்குற சாமான்," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. தாளைப் பிரிக்கவே மனமில்லாமல் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

ஆய்வுகூடத்தில் அலமாரியைத் திறந்தேன். எல்லாக் குழாயும் ஊதா.

கொஞ்சம் மங்கியிருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். மெதனோலைத் திட்டினேன், கருவியைத் திட்டினேன், என் கையைத் திட்டினேன். திரும்பச் செய்தேன். திரும்பவும் அதே ஊதா. கடைசியில் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு அம்மையாரிடம் போனேன். அவர் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டார்.

"ரெண்டும் ஒரே இலையே, பிள்ளை?"

"ஆமாங்க மேடம்."

"ஒரே செடியே?"

"ஒரே செடிதாங்க."

"அப்ப இந்த ரெண்டில ஒண்டு பொய்."

"நான் பொய் எழுதலங்க மேடம்."

"நீர் எழுதினீர் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா முதல் வந்தது மெத்த நல்லா வந்திருக்குது. மெத்த நல்லா வாற அளவில எனக்கு நம்பிக்கையில்லை." தாள்களை என் பக்கம் தள்ளினார். "மாசக் கடைசியில பட்டம் தீர்மானிக்கிற பீடக் கூட்டம். அதுக்குள்ள ஏன் ஒத்துவரேல்லை எண்டு காட்டும். இல்லாட்டில் நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தோட்டத்துப் பிள்ளை என்றால் இலக்கத்தை இட்டுக்கட்டி எழுதும் என்று நினைக்கிறாரோ என்று மனம் கறுவியது. பட்டம் போவது ஒரு பக்கம். பொய்காரி என்ற பெயரோடு போவது இன்னொரு பக்கம். அழுதேன். கேட்டவர்களிடம் மெதனோல் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்; இரசாயனம் படித்ததால் அந்த ஒரு வசதி இருந்தது.

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். அப்பா வேலை முடிந்து வந்து, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அந்த எலய எப்படி காயவச்சீங்க?"

அப்பா என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

"மொதல்ல ஸ்டோர் மாடியில கொழுந்தோட ஒரு ஓரமாப் போட்டு வாட்டுனேன். ரோலருக்கு அது பத்தாது, அதனால சாக்குல வச்சு கையாலயே உருட்டுனேன். சாறு கசிஞ்ச பெறகு பரப்பி, மேல ஈரத்துணி கட்டிவிட்டேன். நல்லா செவந்து வந்துச்சு. மணம் ஏறுன பெறகுதான் டிரையருக்கு விட்டேன். ஸ்டோருக்குப் பெரியவரு டீமேக்கரு, அவருக்குத் தெரியாது."

"ஒங்கள யாருப்பா உருட்டச் சொன்னா?"

"உருட்டாம காயவச்சா பச்ச வாட அடிக்குமே புள்ள. அந்தம்மா என்ன நெனப்பாங்க?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "மருந்துக்கு எல கேட்டா, மனுஷன் டீ போட்டுக் குடுத்திருக்காரு."

அதேதான். கொழுந்தை நசுக்கிச் சிவக்க விடுவது என்பதே ஒட்சியேற்றம். அதைத் தடுக்கும் சக்தியை அளப்பதற்கென்று நான் கொடுத்த இலையை, அப்பா முதலில் நன்றாக ஒட்சியேற்றி, பிறகு சலித்து, வெள்ளித்தாளில் கட்டிக் கொடுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"கெடுத்துட்டீங்களேப்பா," என்று கத்தினேன். "என் படிப்பே போகப் போகுது. அந்தம்மா என்னப் பொய்காரின்னு நெனக்கிறாங்க."

அப்பாவின் தட்டில் பாதிச் சோறு இருந்தது. கை கழுவிக்கொண்டு எழுந்து வாசலில் போய் நின்றார். பதம் தவறியது என்று ஸ்டோரில் அவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைச் சொல்ல அவர் பெற்ற மகள் தேவைப்பட்டிருக்கிறது.

திங்கட்கிழமை அம்மையாரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். சாக்கு, ஈரத்துணி, டீமேக்கர் ஒன்றையும் விடவில்லை. அவர் முழுக்கக் கேட்டார்.

"நல்ல கதை. கதைக்குக் கையெழுத்து வைக்கேலாது."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் மேசையில் விரலால் தட்டினார்.

"ஒரே நாளில பறிச்ச இலையை ரெண்டாப் பிரியும். ஒரு பாதியை நீர் முதல் செய்த மாதிரி நிழலில காயவையும். மற்றப் பாதியைத் தகப்பனார் தன்ர முறையில செய்யட்டும். முந்தி வந்த ரெண்டு அளவும் திரும்ப வந்தா, நீர் சொல்லுறது உண்மை."

"வராட்டிங்க மேடம்?"

"வராட்டில் வராது," என்றார்.

ஆக, நான் மறுபடி மலை ஏறினேன். கெடுத்துவிட்டீர்கள் என்று கத்திய அதே வாயால், இன்னொரு தடவை கெடுத்துத் தாருங்கள் என்று கேட்க வேண்டும். ரயிலில் ஹட்டன் வரை ஒத்திகை பார்த்தேன். அங்கிருந்து பஸ்ஸில் மறந்துவிட்டேன்.

"கெட்டுப்போனத மறுபடி எதுக்கு செய்யணும்?" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

"அதே மாதிரி கெடணும்ப்பா. கூடக் கெட்டாலும் ஆகாது, கொறயக் கெட்டாலும் ஆகாது. நீங்க மொதத் தடவ எந்தப் பதத்துக்கு விட்டீங்களோ, அதே பதம்."

அப்பா இப்போது திரும்பிப் பார்த்தார். நான் படிக்கும் விஷயம் அவருக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது என்று நினைக்கிறேன்.

"அன்னைக்கு எடவிடாத மழ," என்றார். "காத்தெல்லாம் ஈரம். இப்ப வானம் வெளிச்சிருக்கு. இன்னைக்கு வாட்டுனா வேற மாதிரி வரும்."

"அப்ப?"

"மழ வரட்டும்."

விடாமல் கொட்டிக்கொண்டிருந்த மழை, எங்களுக்குத் தேவைப்பட்டதும் நின்றுவிட்டது. காலையில் எழுந்தால் பளீரென்று வெயில். லயமே சந்தோஷமாகத் துணி துவைத்துப் போட்டது. நான் மாசக் கடைசியை எண்ணிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வானத்தைப் பார்ப்பார், "இல்ல" என்பார், வேலைக்குப் போவார். அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போய் மழை வேண்டும் என்று வாய்விட்டே கும்பிட்டாராம். பக்கத்தில் நின்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்களாம்.

"இன்னைக்காவது தொடங்குங்கப்பா. கொஞ்சம் மாறுனா என்ன?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கொஞ்சம் மாறுனா மாறுனதுதான்," என்றார்.

அம்மையாரும் இதைத்தான் சொல்லியிருப்பார், வேறு தமிழில். இவர்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சாகவேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை வந்தது. வந்த மழை விடவில்லை. அப்பா காற்றை இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டு, "பறி" என்றார். அம்மாவும் நானும் நனைந்துகொண்டே பறித்தோம். இலையை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதி அப்பாவோடு ஸ்டோருக்குப் போனது. மறுபாதியை அம்மா எடுத்துக்கொண்டார். முன்னறை முழுக்கத் தாள் விரித்து, மூலையில் கரிச்சட்டி வைத்து, கதவை அடைத்து, இலை காயும் வரை எங்களையெல்லாம் அடுப்படிக்குக் குடிபெயர்த்துவிட்டார். முன்னறைக்குள் கால் வைத்தால் கத்துவார்.

கீழே போகும் நாளில் அப்பா தன் பொட்டலத்தை என்னிடம் தரவில்லை. கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பொட்டலத்தை உள்பையில் வைத்துக்கொண்டு, "பஸ்ஸுல ஈரம் ஏறும்," என்று தானும் கூட வந்தார். அவர் வேலைக்கு லீவு போட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். ஹட்டனில் ரயில் ஏறி, இறங்கும் வரை நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் நெஞ்சுவலியா என்று கேட்டார். அப்பா, "எல," என்று பதில் சொன்னார்.

ஆய்வுகூடத்துக்குள் வரமாட்டேன் என்று தாழ்வாரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டார். சாறு எடுத்து, மறுநாள்தான் அளக்க முடிந்தது. தெரிந்தவர் ஒருவர் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் அதே வாங்குக்கு வந்து, அதே மாதிரி உட்கார்ந்தார்.

அம்மையார் சாவிக்கொத்தை எடுத்துக் கறுப்புப் பொடியை வெளியே எடுத்தார். நான் கை நீட்டினேன்.

"நீர் தள்ளி நில்லும், பிள்ளை. நான் செய்யிறன்."

அவரே கரைத்தார், அவரே விட்டார், அவரே அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடினார். அந்த அரை மணி நேரமும் நாங்கள் இருவரும் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். பரீட்சை அறைக்குள் நிற்பது போலப் பயமாக இருந்தது. அம்மாவிடம் சொன்னால் அதற்கும் போவிட்டியாத் தண்ணி தருவார்.

திறந்தார். அம்மாவின் இலை மஞ்சள். அப்பாவின் இலை ஊதா.

அது மட்டும் போதாது. இலக்கம் ஒத்துவர வேண்டும். அம்மையார் ஒவ்வொரு குழாயாகக் கருவியில் வைத்து, வந்ததைத் தானே எழுதினார். பழைய தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பிறகு கீழேயிருந்து மேலாகப் பார்த்தார்.

"உம்மட அளவு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டு," என்றார். "தகப்பனாரின்ர அளவு ரெண்டும் ஒண்டேதான்."

என் ஆய்வுக் கோப்பை இழுத்து, பேனாவைத் திறந்து, கையெழுத்து வைத்தார். "நான் சந்தேகப்பட்டது பிழையில்லை," என்றார், தாளைப் பார்த்தபடியே. "ஆனா நீர் பொய் சொல்லேல்லை." அவரிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். எனக்கு அதுவே நிறைந்துவிட்டது.

பிறகு அவர் தாழ்வாரத்துக்குப் போனார். அப்பா எழுந்து நின்றார்.

"இருங்கோ ஐயா. உங்கட இலை ரெண்டு முறையும் ஒரே மாதிரிக் கெட்டிருக்குது."

"வேலையில மாறக்கூடாதுங்களே," என்றார் அப்பா.

அம்மையார் வாயில் அப்போது ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

அவர் போனதும் நான் இரண்டு குழாய்களையும் எடுத்து வந்து அப்பாவிடம் காட்டினேன். மஞ்சளை அவர் சும்மா பார்த்தார். ஊதாவை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஸ்டோரில் சாயம் பார்ப்பது போலச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அன்றைக்கு அவர் தட்டில் மிச்சம் வைத்த சோறுதான் கண்ணுக்குள் நின்றது.

"இதுதான் கெட்டதா?"

"ஆமாப்பா."

"அந்தம்மா ஒன்ன நம்பிட்டாங்கல்ல?"

"நம்பிட்டாங்கப்பா. இதாலதான் நம்புனாங்க."

அப்பா குழாயை என் கையில் திருப்பித் தந்தார்.

"அப்ப நல்லாத்தான் கெட்டிருக்கு," என்றார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.